ஆடுகளச் சமத்துவம்: சபரகமுவத் தோட்டங்களை முன்னிறுத்தி ஓர் அறவியல் நோக்கு

ஆடுகளத்தில் அனைவரும் சமம் என்னும் கூற்று பாடசாலை விளையாட்டு விழாக்களில் ஆண்டுதோறும் சொல்லப்படுவது. சொல்பவர் பெரும்பாலும் பிரதம விருந்தினர். கேட்பவர் வெயிலில் நிற்கும் மாணவர். பழகிப்போன கூற்றாதலின் அதன் பொருளை எவரும் ஆராய்வதில்லை. எல்லைக்கோடு இரு சாராருக்கும் ஒன்றே, பந்து ஒன்றே, மத்தியஸ்தரின் ஊதல் ஒன்றே. இவ்வளவிற் கூற்று மெய்யே. ஆயினும், அக்கோட்டுக்குள் வந்து சேர்ந்தவரைப் பற்றி மாத்திரமே அது பேசுகின்றது. வந்து சேராதவரை நோக்கிச் சொல்வதற்கு அதனிடம் ஏதேனும் உண்டா என்பதே ஈண்டு எழுப்பப்படும் வினா. இதனை அருவமாக ஆராய்வதினும் ஒரு விளையாட்டையும் ஒரு நிலப்பரப்பையும் எடுத்துக்கொண்டு ஆராய்வது பயன்தரும். விளையாட்டு, பாடசாலை அணிகள் ஆண்டுதோறும் சுற்றுப்போட்டிகளில் ஆடும் எழுவர் றக்பி. நிலப்பரப்பு, இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்ட சபரகமுவ மாகாணத்தின் தேயிலை, றப்பர்த் தோட்டங்கள்.

இவ்விளையாட்டின் பிறப்பே சிந்தனைக்குரியது. 1883 ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தின் எல்லைப்புறச் சிற்றூரான மெல்றோசில் உள்ளூர் றக்பிக் கழகத்துக்குப் பணமுடை ஏற்பட்டது. நிதி திரட்டச் சுற்றுப்போட்டி ஒன்று நடத்தலாம் என்றார் நெட் ஹேய்க் என்னும் இறைச்சிக்கடைத் தொழிலாளி. அணிக்குப் பதினைவர் வீதம் ஆடினால் ஒரு பிற்பகலுக்குள் பல ஆட்டங்களை முடித்தல் இயலாது. ஆதலின் அணிக்கு எழுவர், ஆட்டநேரமும் குறுகியது என்று ஏற்பாடாயிற்று. இன்றும் ஒரு பாதிக்கு ஏழு நிமிடங்களே. ஆட்களும் நேரமும் சுருங்கினவேயன்றி மைதானம் சுருங்கவில்லை. பதினைவர் காத்த பரப்பை எழுவர் காக்க வேண்டியிருத்தலின் உடற்பருமனைக் காட்டிலும் ஓட்டமும் மூச்சும் ஒருவரையொருவர் நம்பும் பண்பும் இங்கு மிகுதியும் வேண்டப்படுகின்றன. லண்டனில் றொஸ்லின் பார்க் கழகம் 1939 இல் தொடங்கிய பாடசாலைச் சுற்றுப்போட்டி இவ்வகையிற் பெயர்பெற்றது. இலங்கைப் பாடசாலைகளும் எழுவர் சுற்றுப்போட்டிகளில் ஆடி வருகின்றன. 2016 இல் றியோ ஒலிம்பிக்கிலும் இவ்விளையாட்டு இடம்பெற்றது. வறுமையிற் பிறந்த விளையாட்டொன்று உலக அரங்கேறிய கதை இது.

இதன் விதிகளுள் இரண்டு அறவியல் மாணவர் கருதத் தக்கவை. பதினைவர் ஆட்டத்திற் புள்ளி இழந்த அணியே பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடரும். எழுவர் ஆட்டத்திலோ புள்ளி பெற்ற அணியே உதைக்க வேண்டும். அதாவது, வென்றவன் அடுத்த வாய்ப்பைப் பெரும்பாலும் தோற்றவன் கையிற் கொடுத்தே மேலே செல்ல வேண்டும். இரண்டாவது, சுற்றுப்போட்டியின் அமைப்பு. முதற்கட்டத்திற் பின்தங்கிய அணிகள் அன்றே வீடு திரும்புவதில்லை. பிளேட், போல் என்னும் அடுத்த நிலைப் பரிசுகளுக்காக அவை தம்முள் ஆடுகின்றன. தோற்றவனுக்கும் ஆட்டம் மீதமிருத்தல் வேண்டும் என்ற உணர்வு இவ்வமைப்பின் உள்ளே கிடக்கின்றது. விதி வகுத்தோர் இதனை அறமென்று கருதி வகுத்தாரா, பார்வையாளரின் சுவை கருதி வகுத்தாரா என்பது வேறு வினா. பின்னதே உண்மையாக இருத்தலுங் கூடும். எனினும், இத்தகைய விதிகளை உடைய விளையாட்டு, களத்துக்கு வெளியே யாரை நிறுத்தி வைத்துள்ளது என்று பார்க்கும்போது முரண் கூர்மையடைகின்றது.

இலங்கையில் றக்பியின் வரலாறு தோட்டங்களின் வரலாற்றிலிருந்து பிரிக்க இயலாதது. 1879 இற் கொழும்பில் ஒரு காற்பந்துக் கழகம் தோன்றிற்று. பெயரிற் காற்பந்து இருப்பினும் அங்கு ஆடப்பட்டது றக்பியே. இலங்கையர் நாவில் அது 'றகர்' ஆயிற்று. கொழும்பு வணிகருக்கு இணையாக இதனை வளர்த்தவர் மலைநாட்டுத் துரைமார். டிம்புள்ளை, டிக்கோயா, ஊவா, கண்டி, களனிப் பள்ளத்தாக்கு எனத் தோட்ட வட்டாரங்களின் பெயர்களே அணிகளின் பெயர்களாயின. இவற்றுள் களனிப் பள்ளத்தாக்கு என்பது யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டை, தெரணியகலை முதலிய கேகாலை மாவட்டத் தோட்டங்களைத் தழுவியது. அவ்வட்டாரத் துரைமாரின் கழகம் அவிசாவளையை அடுத்த தல்துவையில் இருந்தது. வாரம் முழுவதும் ஆளில்லாக் காட்டில் அதிகாரம் செலுத்திய வெள்ளையருக்குச் சனிக்கிழமை ஆட்டம் ஓர் ஊர்கூடலாகவும் இருந்தது.

மலைநாட்டில் மைதானம் தானாக அமைவதன்று. சரிவை வெட்டி, மண்ணை நிரவி, புல்லைப் பதித்து உண்டாக்கப்படுவது. தோட்டத்தில் மண்வெட்டி பிடித்த கை எவருடையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சமநிலத்தை உண்டாக்கியவனுக்கு அச்சமநிலத்திற் சமத்துவம் இருக்கவில்லை என்பது சொல்விளையாட்டன்று, நேர்பொருளிலேயே உண்மை. தோட்டத் தொழிலாளிக்குரிய சமநிலம் வேறொன்று. விடியலில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்களமே அது. மாலையில் அக்களத்திற் சிறுவர் சடுகுடு ஆடினர், கிளித்தட்டு மறித்தனர்.

பாடசாலை றக்பியோ வேறு வழியில் வளர்ந்தது. கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய எல்.ஈ. பிளேஸ் 1891 இல் இதனை மாணவரிடையே புகுத்தினார். 1906 இற் கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் மோதிய ஆட்டமே பாடசாலைகளுக்கிடையிலான முதல் ஆட்டம். 1945 முதல் கொழும்பு றோயல் கல்லூரிக்கும் திரித்துவக் கல்லூரிக்கும் இடையே பிரட்பி கேடயத்துக்கான ஆட்டம் நடைபெற்று வருகின்றது. பெருநகரக் கல்லூரிகளினின்றும் விளையாட்டுப் பிற நகரங்களுக்குப் பரவிற்று. ஆயினும், மலைக்குமேல் இருந்த தோட்டப் பாடசாலைக்கு அது ஏறவில்லை. 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்விக்கு ஏற்பாடு செய்தது உண்மை. பல இடங்களில் அவ்வேற்பாடு ஒரு மண்டபம், ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடியும் படிப்பு என்ற அளவில் நின்றது. 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசு இப்பாடசாலைகளைப் பொறுப்பேற்ற பின்னரே நிலை மெல்ல மாறலாயிற்று. இன்றும் சுற்றுப்போட்டி அட்டவணையில் சபரகமுவத் தோட்டத் தமிழ்ப் பாடசாலை ஒன்றின் பெயரைக் காண்பது அரிது.

இதனை அநீதி எனலாமா? அன்று என்போரின் வாதம் எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. தோட்டப் பாடசாலை வரக்கூடாதென்று எவரும் விதி செய்யவில்லை. அணியை அமைத்துப் பதிவு செய்தால் எவரும் தடுக்கப்போவதில்லை. தடையில்லாத இடத்தில் அநீதி எங்ஙனம் இருக்கும் என்று அவர் வினவுவர். இவ்வாதத்துக்கு விடையாக ஆங்கிலேய மெய்யியலாளர் பேர்னாட் வில்லியம்ஸ் 1962 இல் வெளியிட்ட சமத்துவக் கருத்துப் பற்றிய கட்டுரையின் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஒரு சமூகத்தில் வீரர் வகுப்புக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அவ்வகுப்புக்குச் செல்வக் குடும்பத்தினர் மாத்திரமே தெரிவு செய்யப்பட்டு வந்தனர். சீர்திருத்தவாதிகள் வாதாடி, உடல்வலிப் போட்டியில் வெல்லும் எவரும் வீரராகலாம் என்று விதியை மாற்றுகின்றனர். விளைவு யாது? மீண்டும் செல்வக் குடும்பத்தினரே வெல்கின்றனர். ஏனெனில் மற்றையோர் போதிய உணவின்றி மெலிந்தவர். விதி திறந்துவிட்டது, வாயில் மூடியே இருக்கின்றது.

வில்லியம்ஸ் கற்பனையாகக் கூறிய சமூகத்தைச் சபரகமுவையிற் கற்பனை செய்ய வேண்டியதில்லை. இலங்கையின் 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளாவிய நிலையில் ஏறத்தாழ 17 சதவீதத்தினர். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 சதவீதத்தினர். உயரமும் எடையும் எலும்பும் முதலீடாக வேண்டப்படும் விளையாட்டில் இப்புள்ளிவிவரம் ஒருவகையில் ஆட்டம் தொடங்குமுன் பதியப்பட்ட புள்ளியாகும். ஒலிம்பிக் முடிவு எழுதப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, பிள்ளை மடுவத்தின் பாற்கோப்பையில் சில முடிவுகள் எழுதப்பட்டுவிடுகின்றன.

உடல் ஒன்றே தடையன்று. வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். போரிடும் அரசனுக்குக் கூறப்பட்டவையாயினும் போட்டியிடும் எவருக்கும் அம்முறைவைப்புப் பொருந்தும். வலிமையில் உள்ள குறை மேலே சொல்லப்பட்டது. காலத்திலும் இடத்திலும் உள்ள குறை அதனினும் பெரிது. பயிற்சி பாடசாலை விட்ட பின்னர் நடைபெறுவது. தோட்டத்துப் பிள்ளைக்கோ மாலை என்பது மலைப்பாதையில் வீடு திரும்பும் நேரம். சபரகமுவைக்கு இன்னொரு கூறும் உண்டு. நுவரெலியா மாவட்டத்திற் போல இங்கு மலையகத் தமிழர் பெருந்தொகையினர் அல்லர்; சிங்களக் கிராமங்களுக்கிடையே தீவு தீவாகச் சிதறி வாழ்பவர். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, றக்வானை, பலாங்கொடைப் பகுதிகளில் நிகழ்ந்த வன்செயல்களில் லயன் அறைகள் எரிந்தன. குடும்பங்கள் வடக்கு நோக்கி ஓடின. அக்காலத்துப் பெற்றோர் தம் பிள்ளையை இருட்டும்வரை நகரத்து மைதானத்தில் விட்டுவைக்கத் தயங்கியிருப்பின் அதனை ஆர்வமின்மை என்று எவரும் சொல்லுதல் தகாது. மேலும், 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை எச்சங்கள் தீராதிருந்த ஒரு மக்கட் கூட்டத்துக்கு, 'தேசிய அணி' என்ற சொல்லே தூரத்தில் ஒலித்திருக்கும்.

வேறொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருவது. தோட்ட மக்களிடத்து அன்புடையோர் கூறுவது. நாட்சம்பளம் 1000 ரூபாயை எட்டவே 2021 வரை போராட வேண்டியிருந்த மக்களுக்கு றக்பி ஒரு கேடா, துரை ஆடிய ஆட்டத்தை ஆடித்தான் தொழிலாளியின் பிள்ளை மானம் பெற வேண்டுமா என்பது அது. இதன் முற்பகுதி நியாயமானது; சோற்றுக்குப் பின்னரே சுற்றுப்போட்டி. ஆனால், உரிமைகளை வரிசையில் நிறுத்தி, முன்னது முழுதும் கிடைத்த பின்னரே பின்னது என்று கூறுபவர், தம் பிள்ளைக்கு அவ்வரிசையைக் கடைப்பிடிப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். விளையாட்டு மிகையானதன்று. அமெரிக்க, கனடிய மெய்யியலில் இத்துறையைத் தொடக்கிவைத்தோருள் ஒருவரான பேர்னாட் சூட்ஸ் 1978 இல், வேண்டாத தடைகளை விரும்பி ஏற்று வெல்ல முயல்வதே விளையாட்டு என வரையறுத்தார். வேண்டிய தடைகளே வாழ்வை நிறைத்துள்ளவனுக்கு வேண்டாத தடையொன்றைத் தானே தெரிந்தெடுத்துத் தாண்டும் உரிமை அற்பமானதா? ஒருவன் விடுதலை உடையவன் என்பதற்கு அதனினுஞ் சிறந்த அடையாளம் காண்பது கடினம்.

மறுப்பின் பிற்பகுதிக்குத் திரினிடாட்டில் தோன்றிய சீ.எல்.ஆர். ஜேம்ஸ் விடை தந்துள்ளார். 1963 இல் வெளிவந்த அவரது நூல் கிரிக்கெட்டைப் பற்றியது. எசமானன் கொண்டுவந்த ஆட்டத்தையும் அதன் நேர்மை விதிகளையும் அடிமைப்பட்டோர் உண்மையென்று எடுத்துக்கொண்டு, அவ்விதிகளைக் கொண்டே எசமானனை அளந்தனர் என்பது அதன் சாரம். கறுப்பினத்தவர் ஒருவர் மேற்கிந்திய அணியின் நிலையான தலைவராக வேண்டும் என்று ஜேம்ஸ் தம் பத்திரிகையில் வாதாடினார். 1960 இல் பிராங்க் வொறெல் அப்பொறுப்பை ஏற்றார். துரையின் ஆட்டம் என்று விலகிநிற்பது மானமுடைமை போலத் தோன்றினும், முடிவில் அது ஆட்டத்தைத் துரையிடமே விட்டுவிடுவதாகும்.

விலகிநின்றால், அல்லது விலக்கிவைக்கப்பட்டால், என்ன நேரும் என்பதற்குப் பிஜித் தீவு சான்று. கொழும்பிற் றக்பிக் கழகம் தோன்றிய அதே 1879 ஆம் ஆண்டில், ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய 'லியோனிடாஸ்' என்னும் கப்பல் பிஜியை அடைந்தது. பின்னர் தமிழகத்திலிருந்தும் மக்கள் அங்குக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். றக்பி பூர்வீக பிஜியரின் ஆட்டமாயிற்று. இந்திய வழியினர் காற்பந்தின்பாற் சென்று 1938 இல் தமக்கெனக் காற்பந்துச் சங்கம் அமைத்தனர். 2016 இல் றியோவில் பிஜி அணி பிரித்தானியாவை 43-7 என்று வென்று அந்நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றபோது தீவு முழுவதும் கொண்டாடிற்று, இந்தியரும் கொண்டாடினர். கரும்பு வெட்டியோரின் பேரப்பிள்ளைகள் அவ்வெற்றியைப் பார்வையாளராகவே பெற்றனர். பார்த்து மகிழ்தலும் மகிழ்ச்சியே. எனினும் அது பங்கன்று.

இதற்கு மாறான சான்றும் உண்டு. மேற்கு வங்காளத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்திற் பைகுந்தபூர்க் காட்டை ஒட்டிய சரஸ்வதிபூர்த் தேயிலைத் தோட்டத்தில், சோட்டா நாகபுரியிலிருந்து கொணரப்பட்ட பழங்குடித் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். கொல்கத்தாவின் 'ஜங்கிள் குரோஸ்' அமைப்பு 2013 இல் அங்கு றக்பி கற்பிக்கத் தொடங்கிற்று. பையன்களோடு பெண்பிள்ளைகளும் களமிறங்கினர். சில ஆண்டுகளில் அவருட் சிலர் இந்திய அணியில் இடம்பெற்றனர். தேயிலைத் தோட்டமும் லயமும் குறைந்த கூலியும் அங்கும் இங்கும் ஒன்றே. வேறுபட்டது ஒன்றுதான்: அங்கு ஒரு பந்தோடு எவரோ மலையேறி வந்தனர், வந்தவர் மறுவாரமும் வந்தனர்.

எழுவர் ஆட்டம் சபரகமுவைக்கு ஏன் சிறப்பாகப் பொருந்தும் என்பதும் இவ்விடத்துத் தெளிவாகும். சிறிய பாடசாலை பதினைவர் அணியையும் மாற்று வீரரையும் திரட்டுதல் கடினம். எழுவரைத் திரட்டுதல் கடினமன்று. ஆளில்லை என்ற சாக்கு இங்கு எடுபடாது. அன்றியும் அணிக்கு எழுவராக நின்று, பாய்ந்து வருபவனைப் பற்றிப் பிடித்து மண்ணிற் சாய்க்கும் ஆட்டம் தோட்டத்துப் பிள்ளைக்குப் புதிதன்று. சடுகுடுவும் எழுவர் ஆட்டமே.

ஆகவே, சுற்றுப்போட்டி நடத்துவோர் தோட்டப் பாடசாலைக்கு ஓர் அழைப்பிதழ் அனுப்பிவிட்டாற் போதுமா? போதாது என்பதோடு, அவ்வளவில் நின்றால் அது தீங்குமாகும். சதுரங்கத்தில் வலுவற்றவன் தோற்றால் ஓர் ஆட்டமே போகும். றக்பியில் எலும்பு போகும். முறையாக விழவும் பிடிக்கவும் கற்காத மெலிந்த பிள்ளையை, பல பருவங்கள் பயின்ற கொழுத்த அணியின் முன் நிறுத்திவிட்டுச் சமவாய்ப்பு வழங்கியதாகச் சொல்வது கொடுமை. நியூசிலாந்திற் பிள்ளைகளின் றக்பியில் வயதோடு எடையையும் கணக்கிட்டு அணிகளை வகுக்கும் வழக்கம் உண்டு. சமமல்லாதவரைச் சமமாக நடத்தல் நீதியன்று என்ற அரிஸ்டோட்டிலின் கருத்துக்கு அது நல்லதொரு நடைமுறை விளக்கம். அழைப்பு அறமாக வேண்டுமாயின் அதற்கு முன்னே ஓராண்டுப் பயிற்சியும் உணவும் போக்குவரத்தும் செல்ல வேண்டும்.

அவற்றைச் செய்யும் கடமை எவருடையது என்பது இவ்வாராய்ச்சியின் மிகக் கடினமான பகுதி. குற்றவாளி என்று சுட்ட ஒருவரும் இல்லை. மைதானம் வெட்டுவித்த துரைமார் 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்துக்குப் பின் இல்லாதொழிந்தனர். தோட்டங்கள் அரசின் கைக்குச் சென்று, 1992 இற் கம்பனிகளின் நிருவாகத்துக்கு மாறின. நகரக் கல்லூரியின் பதினாறு வயதுப் பையன் எவருடைய இடத்தையும் பறிக்கவில்லை. அவன் நன்றாக ஓடினான், அவ்வளவே. ஆயினும் குற்றமின்மை வேறு, கடப்பாடின்மை வேறு. ஜோன் றோல்ஸ் 1971 இல் எழுதிய நீதிக் கோட்பாட்டு நூலில் நேர்மை நெறி ஒன்றை வகுத்தார்: நியாயமான ஒரு கூட்டு ஏற்பாட்டின் நன்மையை விரும்பி ஏற்றவன் அதற்குரிய தன் பங்கைச் செய்யக் கடமைப்பட்டவன். சுற்றுப்போட்டி என்பதும் ஒரு கூட்டு ஏற்பாடே. அதன் புகழையும் கிண்ணத்தையும் அதனால் வரும் வாய்ப்புகளையும் பெறுவோர், அவ்வேற்பாடு நியாயமானதாக நிலைபெற ஏதேனும் ஆற்ற வேண்டும் என்பது இந்நெறியை ஓரளவு நீட்டுவதாற் பெறப்படும். றோல்ஸ் இவ்வளவு தூரம் வருவாரா என்பதில் ஐயமுண்டு. வராவிடினும் நீட்டியது தவறாகாது. இது கொடையன்று. கொடை கொடுப்பவன் விரும்பும்போது நிறுத்தலாம், கடனை நிறுத்தலாகாது. பழைய காலணிகளை மூட்டையாகக் கட்டித் தோட்டத்துக்கு அனுப்பிப் படமும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் முன்னதைச் சாரும்.

கடன் எவ்வடிவிற் செலுத்தப்படலாம் என்பதற்கு வழிகள் தூரத்தில் இல்லை. பலாங்கொடைக்கு அப்பால் பெலிஹுல்ஓயாவில் அமைந்த சபரகமுவப் பல்கலைக்கழகம் விளையாட்டு விஞ்ஞானத்திலும் உடற்கல்வியிலும் பட்டப்படிப்பு நடத்துகின்றது. அதன் மாணவருக்குப் பயிற்றுவிக்கும் பழக்கம் வேண்டும். அருகிலுள்ள தோட்டங்களின் பிள்ளைகளுக்குப் பயிற்றுநர் வேண்டும். நகரக் கல்லூரியின் பருவம் முடிந்து மைதானம் வெறுமையாகக் கிடக்கும் மாதங்களும் உள. தொடக்கத்துக்கு நூறு மீற்றர் மைதானமும் தேவையில்லை. பிடித்து வீழ்த்தாமல் தொட்டு நிறுத்தும் றக்பியைச் சிறிய தரையில் ஆடலாம். பந்தைப் பின்னோக்கியே கொடுத்து முன்னோக்கி ஓடும் அந்த வினோதப் பழக்கம் காலுக்கும் கைக்கும் வரும்வரை அதுவே போதும். கொழுந்து நிறுத்து, றப்பர்ப் பால் அளந்து, ஆட்கள் லயத்துக்குத் திரும்பிய பின்னர் பிரட்டுக்களம் மாலை ஐந்து மணியளவில் ஒழிவாகவே கிடக்கின்றது. சபரகமுவையின் அந்திமழை இறங்குமுன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கிடைக்கும். ஏழு நிமிட ஆட்டங்கள் மூன்று நான்கு அதற்குள் முடியும்.